யானை பார்க்க எத்தனை மடங்கு? படுவான்கரை வெளிகளுக்குப் பைனாகுலர் தெரிவு செய்வது பற்றிய கேள்வி பதில்

எங்கள் வயல் மட்டக்களப்புக் களப்புக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், வெல்லாவெளிக்கு மேற்கே, காட்டோரமாகக் கிடக்கிறது. முதலில் வேளாண்மைக் காவலுக்காகத்தான் பைனாகுலர் எடுத்தேன். பிறகு யானை பார்ப்பதே ஓர் ஆசையாகிவிட்டது. இன்றைக்கு எங்கள் வட்டையில், அதாவது வயற்பரப்பில், யாராவது புதிதாகப் பைனாகுலர் வாங்கப் போனால் என்னிடம் வந்து கேட்கிறார்கள். எல்லோருக்கும் முதற் கேள்வி ஒன்றுதான்: எத்தனை மடங்கு நல்லது? அதற்கும், அதைத் தொட்டு வரும் மற்றக் கேள்விகளுக்கும் என் பதில்கள் இவை.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதை வாங்குவது?

8×42. காட்டோர வயல், குளக்கட்டு, பரண், தோணி எல்லாவற்றுக்கும் அது போதும். ஒரே இடத்தில் உட்கார்ந்து அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் பார்ப்பதுதான் உங்கள் வழக்கம் என்றால் 10×42 எடுக்கலாம். 12, 15 என்று போகிறவர்கள் பைனாகுலரைப் பூட்டி நிறுத்தும் முக்காலியும் சேர்த்து வாங்க வேண்டும். முக்காலியைச் சுமந்துகொண்டு வரம்பில் நடப்பீர்களா என்பதையும் அப்போதே யோசியுங்கள்.

8×42 என்பதில் அந்த இரண்டு எண்களும் எதைக் குறிக்கின்றன?

முதல் எண் பெருக்கம். 8 என்றால், 800 மீற்றரில் நிற்கும் யானை வெறுங்கண்ணுக்கு 100 மீற்றரில் நிற்பது போலத் தெரியும். இரண்டாவது எண் முன்பக்க வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். அதுதான் வெளிச்சத்தை அள்ளும் வாய். பெரிய வாளி கூடுதல் தண்ணீர் அள்ளுவது போல பெரிய வில்லை கூடுதல் வெளிச்சம் அள்ளும், பாரமும் கூடும்.

இரண்டாவது எண்ணை முதலாவதால் வகுத்தால் இன்னோர் எண் வரும். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான பக்கம் திருப்பி, கண்வில்லையைப் பாருங்கள். நடுவில் சின்ன வெள்ளை வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் விட்டம்தான் இது. கண்ணுக்குள் போகும் ஒளி அந்த வட்டத்தின் வழியாகத்தான் போகிறது. கடையில் யாரும் இதைப் பற்றிப் பேசமாட்டார்கள், ஆனால் எங்கள் தேவைக்கு இதுதான் மிக முக்கியமான எண். கீழே மாலை வெளிச்சம் பற்றிய கேள்வியில் திரும்ப வருகிறேன்.

பெருக்கம் கூடக் கூட நன்றாகத் தெரியும்தானே? பிறகேன் 8?

ஒரு கணக்குப் பார்ப்போம். இரண்டரை மீற்றர் உயரமான யானை ஒரு கிலோமீற்றர் தள்ளி நிற்கிறது. கையை நேராக நீட்டி ஓர் ஈர்க்கைப் பிடியுங்கள். வெறுங்கண்ணுக்கு அந்த யானையின் உயரம் ஈர்க்கின் தடிப்பளவுதான் இருக்கும். 8 மடங்கில் பார்த்தால் அதே யானை உங்கள் சுண்டுவிரலின் அகலத்துக்கு வரும். 10இல் சுட்டுவிரலின் அகலம். 12இல் பெருவிரலின் அகலம்.

ஈர்க்கிலிருந்து சுண்டுவிரலுக்குப் போவது பெரிய தாவல். அதற்குப் பிறகு விரலுக்கு விரல் வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்ன வித்தியாசத்துக்கு நீங்கள் மூன்று விலை கொடுக்கிறீர்கள். உங்கள் கையின் நடுக்கமும் அதே மடங்கு பெருகும். பார்க்கும் வெளியின் அகலம் சுருங்கும். அதே அளவு வில்லையில் ஒளி வட்டமும் சின்னதாகும்.

நடுக்கத்தைச் சும்மா நினைக்க வேண்டாம். லேன்ட்மாஸ்டர் பிடித்து உழுத கை, ஐந்து மைல் சைக்கிள் மிதித்து வந்த நெஞ்சு, இவற்றோடு 12 மடங்கைத் தூக்கிப் பிடித்தால் படம் துள்ளிக்கொண்டே இருக்கும். துள்ளும் படத்தில் காதில் உள்ள கிழிசலும் தெரியாது, தந்தம் உண்டா இல்லையா என்பதும் தெரியாது. அசையாத 8, ஆடும் 12ஐ விடக் கூடுதலாகக் காட்டும். இதை நான் சொல்லி நம்பத் தேவையில்லை. இரண்டையும் கையிலெடுத்து, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றின் சின்ன எழுத்தை வாசித்துப் பாருங்கள்.

பார்க்கும் வெளியின் அகலம் அவ்வளவு முக்கியமா?

உயிர் போகிற அளவுக்கு முக்கியம். சில வருடங்களுக்கு முன், மாசி மாதம், பெரும்போக வேளாண்மை முற்றி நின்றது. அப்போது என்னிடம் இருந்தது ஒரு 12×50. மாலையில் காட்டோரத்தில் ஒரு தனியன் யானை வந்து நின்றது. என் வாடியிலிருந்து, அதாவது காவல் குடிலிலிருந்து, இருநூறு மீற்றர் இருக்கும். நான் வரம்பில் நின்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தந்தமில்லாத அழகான அலியன், மண்ணை வாரி முதுகில் எறிந்துகொண்டிருந்தது. பைனாகுலரை இறக்கவே மனம் வரவில்லை.

மாமா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். வாய் திறக்கவில்லை, கையால் இடது பக்கம் காட்டினார். வாய்க்கால் ஓரமாக இன்னொரு யானை, ஐம்பது அறுபது மீற்றர்கூட இருக்காது, சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. இருவரும் வாடியைக் கைவிட்டு, வீதிப்பக்கம் வந்துதான் மூச்சுவிட்டோம்.

12×50 ஒன்று ஆயிரம் மீற்றரில் ஏறக்குறைய 95 மீற்றர் அகலம்தான் காட்டும். இருநூறு மீற்றரில் அது 19 மீற்றர். ஒரு 8×42 ஆயிரம் மீற்றரில் 130 மீற்றர் அளவு காட்டும், இருநூறில் 26 மீற்றர். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு என் கையில் 8 இருந்திருந்தாலும் அந்த இரண்டாவது யானை அதற்குள் வந்திருக்காது. ஆனால் அகலம் குறைந்த பைனாகுலரில் பிடித்த விலங்கைத் தவற விட்டால் திரும்பப் பிடிப்பது கஷ்டம், அதனால் கண் அதிலேயே ஒட்டிவிடுகிறது. அந்த ஒட்டல்தான் ஆபத்து. அன்றிலிருந்து எங்கள் வயலில் ஒரு சட்டம்: இருவராகப் போக வேண்டும், ஒருவர் பைனாகுலரில் பார்த்தால் மற்றவர் வெறுங்கண்ணால் சுற்றிப் பார்க்க வேண்டும். தனியே போக நேர்ந்தால் முப்பது வரை எண்ணுங்கள், பைனாகுலரை இறக்குங்கள், பின்பக்கம் உட்பட முழு வட்டம் பாருங்கள், பிறகு மறுபடி தூக்குங்கள்.

வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் எல்லோரும் 10×42 தான் சிறந்தது என்கிறார்களே?

அவர்கள் நாட்டுக்கு அவர்கள் சொல்வது சரி. அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா போன்ற மாநிலங்களில் மரமில்லாத புல்வெளியும் மேடும் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கின்றன. காற்று உலர்ந்தது, தெளிவானது. ஒரு மேட்டில் உட்கார்ந்து, ஒன்று இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் படுத்திருக்கும் மானைத் தேடி மணிக்கணக்கில் துளாவுவார்கள். மானின் உடம்பு யானையின் உடம்பில் ஒரு துண்டு. அதிலும் கொம்பில் எத்தனை கிளை என்று எண்ண வேண்டும். ஆகவே 10 அவர்களுக்குப் பொதுவான அளவு. அரிசோனாவில் சின்ன உடம்பு மான்களைத் தேடுகிறவர்கள் 15×56 வைத்திருக்கிறார்கள், ஆனால் அதை முக்காலியில் பூட்டித்தான் பார்க்கிறார்கள். அதே வேட்டைக்காரர்கள் மரம் அடர்ந்த காட்டுக்குப் போகும்போது 7 அல்லது 8 எடுத்துப் போவதையும் கவனியுங்கள்.

எங்கள் வெளி வேறு. வயலுக்கும் காட்டுக்கும் இடையில் பார்க்க வேண்டிய தூரம் பெரும்பாலும் இருநூறிலிருந்து எண்ணூறு மீற்றர். காற்றில் ஈரம். விலங்கோ மலை மாதிரி. அவர்கள் சுடப் போகிறார்கள், நாங்கள் விலகிப் போவதற்காகப் பார்க்கிறோம். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானையையும் மானையும் மரையையும் இங்கே பாதுகாக்கிறது. 2011இல் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் எண்ணியது 5,879 யானைகள். அன்றைக்கு எங்களிடம் இருந்தவை அவ்வளவுதான். வேட்டைக்குப் பைனாகுலர் கேட்டு வருகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

காலையும் மாலையும்தான் யானை வருகிறது. மங்கலில் எது நன்றாகத் தெரியும்?

இதுதான் எங்கள் ஊரின் உண்மையான கேள்வி.

முதலில் இடத்தைப் பார்ப்போம். படுவான்கரை என்றாலே பொழுது படுகிற கரை. காடு எங்களுக்கு மேற்கே. யானை மேற்கிலிருந்து வருகிறது, அது வரும் மாலை நேரத்தில் சூரியன் அதற்குப் பின்னால் நிற்கிறது. அதாவது நாங்கள் எப்போதும் வெளிச்சத்துக்கு எதிரே பார்க்கிறோம். மலிவான பைனாகுலரில் இந்த நேரம் முழுப் படமும் பால் ஊற்றியது போல வெளிறிவிடும், யானை ஒரு சாம்பல் திட்டாகத் தெரியும். அது பெருக்கத்தின் குறையல்ல, வில்லைப் பூச்சின் குறை. கடையில் சோதிக்கும்போது உள்ளே நின்று சுவரைப் பார்க்காமல், வாசலுக்கு வந்து, வெயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு நிழலான இடத்தைப் பாருங்கள். கறுப்பு கறுப்பாகத் தெரிந்தால் நல்ல பூச்சு. ஆனால் சூரியனை நேரே ஒருபோதும் பார்க்க வேண்டாம், படுகிற சூரியனாக இருந்தாலும். பைனாகுலரோடு சூரியனைத் தாண்டித் துளாவவும் வேண்டாம். ஒரு நொடி போதும், கண் போய்விடும்.

இரண்டாவது, நேரம். எங்கள் நாட்டில் அந்திப் பொழுது மிகக் குறுகியது. சூரியன் இறங்கி இருபது நிமிடம் தாண்டினால் இருட்டுத்தான். அந்த இருபது நிமிடத்தில்தான் யானை காட்டை விட்டு வெளியே காலை வைக்கிறது. அப்போது நான் மேலே சொன்ன ஒளி வட்டம் வேலை செய்கிறது. பகலில் எங்கள் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் திறந்திருக்கும், ஆகவே எந்தப் பைனாகுலரும் சரி. மங்கலில் கண்மணி விரியும், இளம் வயதில் ஏழு மில்லிமீற்றர் வரைகூட. அந்த நேரத்தில் 10×25 மாதிரிச் சின்னப் பைனாகுலர் தருவது இரண்டரை மில்லிமீற்றர் வட்டம், கண்ணில் பாதி இருட்டில் கிடக்கும். 10×42 தருவது 4.2. 8×42 தருவது 5.25. 7×50 ஏழுக்குச் சற்றுக் கூட.

அப்படியென்றால் 7×50 தானே சிறந்தது என்று கேட்பீர்கள். இளையவர்களுக்கு, தோணியில் இருப்பவர்களுக்கு, ஆம், மிக நல்லது. கடலில் அதைத்தான் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஐம்பது வயது தாண்டிய பலருக்குக் கண்மணி ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் விரியாது. மிச்ச ஒளி கண்ணுக்கு வெளியே விழுந்து வீணாகும், ஏறக்குறைய ஒரு கிலோ பாரத்தைக் கழுத்தில் தொங்கவிட்டதுதான் மிச்சம். எங்கள் வட்டையில் இரவுக் காவலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த வயதுக்காரர். அதனால்தான் 8×42 என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இருட்டிய பிறகு?

நிலாக் காலத்தில் 8×42ம் 7×50ம் வெறுங்கண்ணை விடத் தெளிவாகக் காட்டும், இதைப் பலர் நம்புவதில்லை. அமாவாசையில் எந்தப் பைனாகுலரும் உதவாது. காதை நம்புங்கள்.

கச்சான் காற்று வீசும் காலத்தில் நடுப்பகலில் எல்லாமே நெளிகிறது. என் பைனாகுலர் பழுதா?

பழுதில்லை. சிறுபோக நேரம் கச்சான் வீசும்போது அறுவடையான தரை சூடேறி, அதற்கு மேலுள்ள காற்று கொதிக்கும் தண்ணீர் போல அலையும். பைனாகுலர் யானையோடு அந்த அலையையும் சேர்த்தே பெருக்குகிறது. அந்த நேரத்தில் 8ஐயும் 15ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன், 15 கூடக் காட்டியது ஒன்றுமில்லை. காலை எட்டு மணிக்கு முன் பாருங்கள், அப்போது சூரியனும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், காட்டோரம் முழுக்க வெளிச்சம் விழும். இல்லாவிட்டால் தரையோடு நிற்காமல் பரணில் ஏறிப் பாருங்கள், கொஞ்சம் குறையும்.

கச்சானில் ஒரு நன்மையும் உண்டு. அது காட்டிலிருந்து எங்கள் பக்கம் வீசுகிறது, எங்கள் வாடை யானைக்குப் போகாது. பின்னேரம் கடற்காற்று திரும்பிவிட்டால் கதை மாறும். யானைக்குக் கண் அவ்வளவு கூர்மையில்லை, மூக்கு அப்படியல்ல.

தூரத்தில் நிற்பது எருமையா யானையா என்று எப்படிப் பிரிப்பது?

வெறுங்கண்ணுக்கு அந்தியில் இரண்டும் கறுப்புத் திட்டுத்தான். பட்டி எருமைகள் மேயும் இடங்களில் அனுபவசாலிகளும் ஏமாந்திருக்கிறார்கள். 8 மடங்கில் ஒரு கிலோமீற்றர் வரை பிரித்துவிடலாம், எதைப் பார்ப்பது என்று தெரிந்தால்.

முழு உருவத்தைத் தேட வேண்டாம், அசைவைத் தேடுங்கள். யானையின் காது ஓயாமல் வீசிக்கொண்டிருக்கும், உடம்பின் முன்பகுதியில் ஒரு தட்டு திறந்து மூடுவது போல. எருமையில் அது இல்லை. எருமை தலையைத் தாழ்த்தி மேயும். யானை தலையைத் தாழ்த்தாது, துதிக்கை இறங்கி ஏறும். முதுகின் கோடும் வேறு, யானையின் முதுகு வளைந்து மேலே நிற்கும். உண்ணிக்கொக்குகளை வைத்து முடிவெடுக்க வேண்டாம், அவை இரண்டோடும் நடக்கும். ஆனால் ஒன்று: பற்றைக்குப் பின்னால் கொக்குகள் எழும்பி எழும்பி உட்கார்ந்தால் அங்கே பெரிய உடம்பு ஏதோ நகர்கிறது என்று அர்த்தம். நான் கண்ட யானைகளில் பலவற்றை எனக்கு முதலில் காட்டியது கொக்குதான்.

துளாவும் முறையும் சொல்லிவிடுகிறேன். காட்டோரத்தின் ஒரு முனையில் தொடங்கி, பைனாகுலரை நிறுத்தி, ஐந்து வரை எண்ணி, பாதி அகலம் தள்ளி, மறுபடி நிறுத்துங்கள். இழுத்துக்கொண்டே போனால் கண் எதையும் பிடிக்காது. ஏற்கனவே வெறுங்கண்ணால் கண்டதைப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணை அதிலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் யானையைத் தொலைத்துவிடுவீர்கள்.

மதம் பிடித்த யானையைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ள எத்தனை மடங்கு வேண்டும்?

கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் மதநீர் ஒழுகிக் கன்னத்தில் கறுத்த கோடாக இறங்கியிருக்கும். முந்நூறு மீற்றரில் 8 மடங்கு என்றால் ஏறக்குறைய நாற்பது மீற்றரில் நிற்பது போல, வெளிச்சம் நன்றாக இருந்தால் அந்தக் கோடு தெரியும். எண்ணூறு மீற்றரில் 8இலும் தெரியாது, 10இலும் தெரியாது. அவ்வளவு தூரத்துக்கு 20, 30 மடங்கு ஒற்றைக்குழல் தொலைநோக்கியும் முக்காலியும் வேண்டும். வயல்காரனுக்கு அது தேவையில்லை. தனியாக நிற்கும் ஆண் யானை என்றாலே மதம் பிடித்தது என்று எடுத்துக்கொண்டு விலகுங்கள்.

என் கை மிகவும் நடுங்குகிறது. என்ன செய்யலாம்?

உட்காருங்கள். முழங்கையை முழங்காலில் ஊன்றுங்கள். நிற்க வேண்டுமானால் முழங்கைகளை விலாவோடு ஒட்டி, பரண் காலில் தோளைச் சாயுங்கள். மோட்டார் சைக்கிள் சீற்றின்மேல் வைத்துப் பார்க்கலாம், இயந்திரத்தை நிறுத்திவிட்டு. இரண்டு கம்பை மேலே குறுக்காகக் கட்டி அந்தக் கவரில் பைனாகுலரை வைத்தால் 10ம் அசையாமல் நிற்கும், செலவு ஒரு சணல் கயிறு. உள்ளேயே நடுக்கத்தைச் சமப்படுத்தும் பைனாகுலர்களும் உண்டு, கெனன் போன்றவர்கள் செய்கிறார்கள். விலை அதிகம், பற்றரி வேண்டும். நடுக்கம் ஒரு நோயாகவே இருக்கிறவர்களுக்கு அது நல்ல பொருள்.

அம்பாறைப் பக்கம் சுற்றிப் பார்க்கப் போகிறோம். அங்கே எது?

சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தில் படகில் போவீர்கள், இங்கினியாகலையிலிருந்து. கல்ஓயா தேசியப் பூங்கா 1954இல் அமைந்தது. அங்கே யானைகள் ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு நீந்திப் போவதைக் காணலாம், துதிக்கை நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே. படகின் ஆட்டத்தில் 10 பிடிக்காது. 7 அல்லது 8. படகோட்டியிடம் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பாருங்கள்.

லாகுகலைக் குளத்தில் யானைகள் புல்லுக்குள் வயிறு வரை இறங்கி நிற்கும், வரட்சி மாதங்களில் நிறைய வரும். கரையில் உட்கார்ந்து பார்க்கலாம், அங்கே 10 நல்லது. குமணையில் வில்லு எனும் நீர்நிலைகளின் கரைப் பறவைகளுக்கும் 10 தான். உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுவழி நடக்கிற அடியார்கள் பாரமான எதையும் தூக்க வேண்டாம். ஒரு குழுவுக்கு ஒரு 8×32 போதும், முன்னே நடப்பவர் கையில் இருக்கட்டும்.

மூக்குக் கண்ணாடி போடுகிறேன். தடையாகுமா?

கண்வில்லைக்கும் கண்ணுக்கும் இடையில் விடக்கூடிய தூரம் 15, 16 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும். பெட்டியிலோ கையேட்டிலோ அது எழுதியிருக்கும். கண்வில்லையைச் சுற்றியுள்ள றப்பர் வளையத்தை உள்ளே மடக்கிவிடுங்கள். பொதுவாக 8 மடங்குகளில் இந்தத் தூரம் தாராளமாக இருக்கும், 10இலும் 12இலும் பார்த்து வாங்க வேண்டும்.

கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் வாங்கிய அன்றே வலது பக்க வளையத்தைச் சரி செய்யுங்கள். வலது வில்லையை மூடி, இடது கண்ணால் நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். தலையிடிக்குது என்று என்னிடம் கொண்டுவந்த பைனாகுலர்களில் பலவற்றுக்கு இதைத் தவிர வேறு குறையே இருந்ததில்லை.

கோயில் திருவிழாக் கடையில் 30×60 என்று சின்னதாக ஒன்று மலிவாக விற்கிறார்கள்…

வாங்க வேண்டாம். உள்ளங்கைக்குள் அடங்கும் பைனாகுலரில் 60 மில்லிமீற்றர் வில்லை எப்படி இருக்க முடியும்? அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள், இருபது சொச்சம்தான் வரும். பெருக்கமும் 30 அல்ல. முன்வில்லையின் விட்டத்தை அளந்து, அதைப் பின்னால் தெரியும் ஒளி வட்டத்தின் விட்டத்தால் வகுங்கள், உண்மையான பெருக்கம் வந்துவிடும். அநேகமாக 8 பக்கம் நிற்கும். இணையத்தில் 100, 180 மடங்கு என்று விற்பவையும் இந்தக் கூட்டம்தான். முன்வில்லை மாணிக்கக் கல் போலச் சிவப்பாக மின்னினால் அதையும் விடுங்கள், அந்தப் பூச்சு சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுவதால் அந்தி வெளிச்சத்தில் நிறமெல்லாம் மாறிவிடும். பெருக்கத்தை மாற்றும் பைனாகுலர்களும் வேண்டாம்.

பணம் குறைவு என்றால் ஒரு நல்ல பெயருள்ள கம்பனியின் பழைய 8×40 போதும், வளைந்த தோள் உள்ள பழைய வடிவம். அதே விலைக்கு நேர்க்குழல் வடிவத்தில் கிடைப்பதை விட அது தெளிவாகக் காட்டும். மழையில் நனைய விடக்கூடாது, அது ஒன்றுதான்.

மாரியில் வில்லைக்குள் பூஞ்சை பிடிக்கிறது. தடுக்க முடியுமா?

முடியும். நைதரசன் நிரப்பி அடைத்த, தண்ணீர் புகாத வகையை வாங்குங்கள். வீட்டில் தோலுறைக்குள் வைத்து அலுமாரியில் பூட்ட வேண்டாம், அந்த உறைதான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அரிசிக்குள் புதைப்பதாகச் சிலர் சொல்கிறார்கள், அரிசித் தூள் மூட்டுகளுக்குள் போய்விடும். சாரத்தின் நுனியால் வில்லையைத் துடைக்கிற பழக்கத்தையும் விடுங்கள். முதலில் ஊதித் தூசியைப் போக்குங்கள், பிறகு மென்மையான துணி. களப்போரம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று இன்னொரு எதிரி, வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து வையுங்கள்.

பைனாகுலரோடு போனால் பிரச்சினை வருமா?

இதை வயதானவர்கள்தான் கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். யுத்த காலத்தில் கழுத்தில் பைனாகுலரோடு ஒரு தமிழ்ப் பொடியன் சோதனைச் சாவடியைத் தாண்டுவதை நினைத்தும் பார்க்க முடியாது. அந்தப் பயம் இன்னும் உடம்பில் இருக்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்போது நான் வெளியில் கொண்டுதான் திரிகிறேன். ஆனால் வீதியில் போகும்போது பைக்குள் வைப்பேன், முகாம் பக்கமோ காவலரண் பக்கமோ திருப்பமாட்டேன், புதிய இடமென்றால் முதலில் கிராம சேவகரிடமோ, வயல் வேலைகளைக் கவனிக்கும் வட்டை விதானையிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன்.

சரி, யானையைக் கண்டுவிட்டேன். அடுத்து?

எத்தனை, குட்டி உண்டா, எந்தப் பக்கம் முகம், நடக்கிறதா மேய்கிறதா. இந்த நான்கையும் பாருங்கள். குட்டியைப் பார்க்கத்தான் பைனாகுலர் அதிகம் உதவும், தாய்களின் கால்களுக்கு நடுவில் நிற்பதை வெறுங்கண் காணாது. குட்டி இருந்தால் வெடி போடுவதற்கு முன் இரண்டு தரம் யோசியுங்கள், கூட்டம் சிதறி எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. பிறகு பக்கத்து வயற்கண்டத்துக்காரருக்கு அழைப்பு எடுங்கள், வட்டை விதானைக்குச் சொல்லுங்கள், வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். வீதியால் பள்ளிக்கூடப் பிள்ளைகளோ ரியூசன் முடிந்த பிள்ளைகளோ வருகிற நேரமென்றால் முதல் அழைப்பு அந்தப் பக்கம் போகட்டும். இவ்வளவும் முடிந்து, யானை காட்டோரத்திலேயே நின்றால், பரணில் ஏறி, மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருட்டும் வரை பாருங்கள்.